பந்தயம் கட்டாத பந்தயம்: ஃபார்முலா 1 கணிப்பு ஆட்டம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கூட்டத்தில் எட்டு பேர். ஒவ்வொரு கிராண்ட் பிரீக்கும் (ஃபார்முலா 1 கார் பந்தயத்தை இப்படித்தான் அழைப்பார்கள்) முன்னால் யார் எந்த இடத்தில் முடிப்பார்கள் என்று எழுதிக் கொடுப்போம், சீசன் முடிவில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவர் ஜெயித்தவர். ஷீட் வைத்துக் கணக்குப் போடுவது நான். புதிதாகச் சேருபவர்களும், தங்கள் கூட்டத்தில் இதே மாதிரி தொடங்க நினைப்பவர்களும் வருடாவருடம் கேட்பது ஒரே கேள்விகள்தான், அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். பாதி விதிகள் சண்டை போட்டு வந்தவை. எந்தச் சண்டை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், இல்லாவிட்டால் விதி ஏன் அப்படி இருக்கிறது என்று புரியாது.

புள்ளி எப்படிப் போடுகிறீர்கள்?

முதல் ஐந்து இடங்களை வரிசையாக எழுத வேண்டும். இடம் சரியாக இருந்தால் 5 புள்ளி, ஓர் இடம் தள்ளிப் போனால் 3, இரண்டு இடம் தள்ளிப் போனால் 1, அதற்கு மேல் தள்ளினால் ஒன்றும் கிடையாது. முன்னே தள்ளினாலும் பின்னே தள்ளினாலும் ஒன்றுதான். போல் பொசிஷன், அதாவது பந்தயத்துக்கு முன் நடக்கும் தகுதிச்சுற்றில் முதலாவதாக வந்து எல்லோருக்கும் முன்னால் நின்று தொடங்கும் இடம், யாருக்கு என்று சொன்னால் 3. அப்புறம் "நடக்கவே நடக்காது" வகையில் ஒரு கணிப்பு, அது நடந்துவிட்டால் 4. ஆக ஒரு பந்தயத்துக்கு அதிகபட்சம் 32. இதுவரை யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஓர் உதாரணம், 2024 பிரேசில். மழைப் பந்தயம். நான் எழுதியது நாரிஸ், ரஸ்ஸல், லெக்லேர், பியாஸ்ட்ரி, ஹாமில்டன். நடந்தது வெர்ஸ்டாப்பன், ஓகான், காஸ்லி, ரஸ்ஸல், லெக்லேர். நாரிஸ் ஆறாவது, ஐந்து இடம் தள்ளி, பூஜ்யம். ரஸ்ஸலை இரண்டில் போட்டேன், நான்காவது வந்தார், 1. லெக்லேர் மூன்றுக்கு ஐந்து, இன்னொரு 1. பியாஸ்ட்ரி எட்டாவது, ஹாமில்டன் பத்தாவது, இரண்டும் பூஜ்யம். மொத்தம் 2. இதை எழுதும்போதுகூட வலிக்கிறது. அந்தப் பந்தயத்தைப் பற்றி இன்னொரு கதை இருக்கிறது, கீழே வரும்.

ஜெயிப்பவர் யார் என்று மட்டும் சொன்னால் போதாதா? எதற்கு ஐந்து பேர்?

2023-ஐ நினைத்துப் பாருங்கள். 22 பந்தயம், அதில் 19-ஐ வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார், இரண்டு பெரெஸுக்கு, சிங்கப்பூர் மட்டும் சைன்ஸுக்கு. ஜெயிப்பவரை மட்டும் கேட்டிருந்தால் எட்டு பேரும் மார்ச் முதல் நவம்பர் வரை ஒரே பெயரை எழுதிக்கொண்டு இருந்திருப்போம். அந்த வருடம் எங்கள் ஆட்டம் உயிரோடு இருந்ததற்குக் காரணம் நான்காவது, ஐந்தாவது இடங்கள்தான். அலோன்சோவா, ஹாமில்டனா, ஒரு ஃபெராரியா என்பதில்தான் வித்தியாசமே வந்தது. 2024 இதற்கு நேர் எதிர்: ஏழு டிரைவர்கள், ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு வெற்றி. விதி இரண்டு வகை வருடத்துக்கும் தாக்குப் பிடிக்க வேண்டும்.

சரி, பத்து இடமும் எழுதலாமே என்பார்கள். முதல் சீசனில் அதைத்தான் செய்தோம், ஃபார்முலா 1-இலும் பத்து பேருக்குத்தானே புள்ளி என்று. எட்டாவதாக யார், ஒன்பதாவதாக யார் என்று யோசிக்க அரை மணி நேரம் ஆனது. நான்காவது பந்தயத்திலேயே இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். இந்த ஆட்டத்தைக் கொல்வது கடினமான கேள்வி கிடையாது, சலிப்புதான். ஒருவர் பட்டியல் எழுத ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்றால் விதி தப்பு.

கெடு எப்போது?

தகுதிச்சுற்று தொடங்கும் நிமிடம். இதில் பேச்சுக்கே இடமில்லை.

முன்பு பந்தயம் தொடங்கும் வரை அனுப்பலாம் என்று வைத்திருந்தோம். அதில் என்ன பிரச்சினை என்றால், தகுதிச்சுற்று முடிந்ததும் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது கையில் இருக்கிறது. மொனாக்கோ மாதிரி முந்தவே இடமில்லாத பாதையில் அந்த வரிசையை அப்படியே பார்த்து எழுதினால் போதும், கணிப்பதற்கு என்ன மிச்சம்? எல்லோருடைய பட்டியலும் ஒன்றாகிவிடும், ஒன்றானால் யாருக்கும் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. தகுதிச்சுற்றுக்கு முன்னால் எழுதும்போதுதான் மனிதர்கள் வேறுபடுகிறார்கள்.

நேரத்தை எழுதும்போது எந்த ஊர் நேரம் என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். லாஸ் வேகஸ் பந்தயம் அங்கே சனிக்கிழமை இரவு நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் என்ற பழக்கத்தில் கெடுவைக் கணக்குப் போட்டு ஏமாறுபவர் வருடத்துக்கு ஒருவராவது உண்டு.

பட்டியல் அனுப்ப மறந்துவிட்டால்?

போன பந்தயத்தின் பட்டியல் அப்படியே எடுத்துக்கொள்ளப்படும், வருகிற புள்ளியில் பாதி கிடைக்கும். போலும் "நடக்கவே நடக்காது" கணிப்பும் கிடையாது. தொடர்ந்து மூன்று முறை மறந்தால் பூஜ்யம்.

இந்தப் "பாதி" எங்கிருந்து வந்தது என்பதுதான் அந்த இன்னொரு கதை. 2024 பிரேசிலில் சனிக்கிழமை மழையில் தகுதிச்சுற்று நடக்கவில்லை, ஞாயிறு காலைக்குத் தள்ளிப் போட்டார்கள். அதில் வெர்ஸ்டாப்பன் சொதப்பி, எஞ்சினை அளவுக்கு மேல் மாற்றியதற்காக ஏற்கெனவே இருந்த தண்டனையும் சேர்ந்து 17-ஆவது இடத்தில் நின்றார். அப்போது எங்கள் கெடு பந்தயத் தொடக்கம் வரை. ஏழு பேரும் உட்கார்ந்து வெர்ஸ்டாப்பன் பெயரை அழித்துவிட்டு நாரிஸைத் தூக்கி மேலே வைத்தோம். எட்டாவது ஆள் பயணத்தில் இருந்தான், மறந்துவிட்டான். அவனுக்கு மெக்சிகோ பட்டியல் தொடர்ந்தது: வெர்ஸ்டாப்பன், நாரிஸ், லெக்லேர், பியாஸ்ட்ரி, ரஸ்ஸல். வெர்ஸ்டாப்பன் 17-இலிருந்து வந்து ஜெயித்தார். முதலிடத்துக்கு 5, ரஸ்ஸலுக்கு 3, லெக்லேருக்கு 1, மொத்தம் 9. எங்களில் அதற்கு அடுத்து அதிகம் எடுத்தவளுக்கு 4. பந்தயம் நடந்ததே தெரியாமல் ஒருவன் அந்த வாரத்தை ஜெயித்தான்.

பெரிய ரகளை. மறந்தவனுக்குப் பூஜ்யம் கொடு என்றார்கள், விதியில் அப்படி இல்லையே என்றான் அவன், அவன் சொன்னதுதான் சரி. அந்த வருடம் 9 புள்ளியும் அவனுக்கே போனது, பாதி என்ற விதி அடுத்த சீசனிலிருந்துதான். பாதி போட்டாலும் 4.5 வந்து அப்போதும் அவன்தான் முதல் என்பதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான்.

தகுதிச்சுற்று தள்ளிப் போனால் கெடுவும் தள்ளிப் போகுமா?

போகாது. முதலில் அறிவித்த நேரம்தான்.

ஸ்பிரின்ட் வாரங்களில் எப்படி?

ஸ்பிரின்ட் என்பது சனிக்கிழமை நடக்கும் சின்னப் பந்தயம், 2023 முதல் வருடத்துக்கு ஆறு. 2024-இலிருந்து அந்த வாரங்களில் ஒரே ஒரு பயிற்சிச் சுற்று, உடனே வெள்ளிக்கிழமையே ஸ்பிரின்ட் தகுதிச்சுற்று, சனிக்கிழமை ஸ்பிரின்ட், அப்புறம் அன்றைக்கே முக்கியப் பந்தயத்துக்கான தகுதிச்சுற்று. நாங்கள் ஸ்பிரின்ட்டுக்கு முதல் மூன்று இடம் மட்டும் கேட்கிறோம், சரியான இடத்துக்கு 2, மூன்றுக்குள் இருந்து இடம் மாறினால் 1. கெடு ஸ்பிரின்ட் தகுதிச்சுற்றுக்கு முன். இதை மறந்தால் பழைய பட்டியல் எல்லாம் வராது, விட்டது விட்டதுதான்.

எந்த முடிவை எடுத்துக்கொள்வது? கொடி விழுந்தபோது இருந்ததா, பிறகு மாறியதா?

கார் பந்தயங்களின் தலைமை அமைப்பான எஃப்ஐஏ வெளியிடும் இறுதி முடிவு. கோட்டைத் தாண்டிய வரிசையை வைத்து ஞாயிறு இரவே புள்ளி போட்டுவிட்டு மறுநாள் அழித்து எழுதும் வேலையை நான் இரண்டு முறை செய்திருக்கிறேன், இனிமேல் மாட்டேன். 2024 பெல்ஜியத்தில் ரஸ்ஸல் ஜெயித்து, போடியத்தில் (முதல் மூவர் நிற்கும் மேடை) ஏறி, கோப்பையையும் வாங்கினார். பிறகு கார் எடை 1.5 கிலோ குறைவு என்று தகுதிநீக்கம், வெற்றி ஹாமில்டனுக்குப் போனது. 2025 லாஸ் வேகஸில் இரண்டாவதாக வந்த நாரிஸும் நான்காவதாக வந்த பியாஸ்ட்ரியும், காரின் அடிப்பலகை அளவுக்கு மேல் தேய்ந்திருந்தது என்று நீக்கப்பட்டார்கள், முதல் ஐந்தே கலைந்து போனது.

ஆனால் மேல்முறையீடு, விசாரணை என்று வாரக்கணக்கில் இழுத்தால் காத்திருக்க முடியாது. 2003 பிரேசிலில் ராய்க்கோனன் ஜெயித்ததாக அறிவித்து, சில நாள் கழித்துதான் உண்மையில் ஜெயித்தவர் ஃபிசிகெல்லா என்று முடிவானது. அதனால் எங்கள் விதி: திங்கள் இரவு என்ன இருக்கிறதோ அதுதான். அதற்குப் பிறகு உலகமே மாறினாலும் ஷீட் மாறாது.

பந்தயம் ரத்தானால், பாதியில் நின்றால்?

ரத்தானால் அந்த வாரம் இல்லை என்று அர்த்தம், 2023-இல் வெள்ளத்தால் இத்தாலியின் இமோலா பந்தயம் போனபோது அப்படித்தான். ஃபார்முலா 1-இல் முழுப் புள்ளி தராத பந்தயம் என்றால் எங்களுக்கும் பாதிதான். 2021 பெல்ஜியத்தில் சேஃப்டி கார் (ஆபத்தான நேரத்தில் எல்லோரையும் மெதுவாக அழைத்துப் போகும் கார்) பின்னால் சில சுற்று ஊர்வலம் போய்விட்டு அரைப் புள்ளி கொடுத்தார்களே, அந்த மாதிரி.

அரைப் புள்ளிதானே என்று சிரிக்க வேண்டாம். 1984-இல் மழையால் நிறுத்தப்பட்ட மொனாக்கோவை ஜெயித்த புரோஸ்டுக்குக் கிடைத்தது 4.5. அது முழுதாக ஓடி அவர் இரண்டாவது வந்திருந்தால்கூட 6 கிடைத்திருக்கும். அந்த வருட சாம்பியன் பட்டத்தை லாடா எடுத்தது 72-க்கு 71.5 என்ற கணக்கில்.

நான் எழுதிய டிரைவர் கடைசி நேரத்தில் ஓட்டவில்லை என்றால்?

கணிப்பு டிரைவருக்கு, காருக்கு இல்லை. 2024 சவூதி பந்தயத்தில் சைன்ஸுக்குக் குடல்வால் அறுவை, அவர் காரில் பியர்மன் ஏறி ஏழாவது வந்தார். கெடுவுக்கு முன்னால் தெரிந்தால் பட்டியலை மாற்றிக்கொள்ளலாம். கெடுவுக்குப் பின்னால் என்றால் அந்த இடம் காலி, கீழே இருப்பவர்களை மேலே நகர்த்த மாட்டோம். கொஞ்சம் கொடூரம்தான், ஆனால் நகர்த்த ஆரம்பித்தால் முடிவே கிடையாது.

வேகமான சுற்று, முதலில் வெளியேறுபவர் இதையெல்லாம் ஏன் கேட்பதில்லை?

வேகமான சுற்றைக் கேட்டோம், விட்டுவிட்டோம். அது திறமையைவிட, கடைசியில் யாருக்குப் புது டயர் மாட்ட நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2024 சிங்கப்பூரில் நாரிஸ் எல்லோரையும் விட்டுப் பறந்துகொண்டிருந்தார், கடைசியில் பின்வரிசையில் இருந்த ரிக்கியார்டோ மென்மையான டயர் போட்டு வந்து அந்தச் சுற்றைப் பறித்துக்கொண்டு போய்விட்டார். அப்போது வேகமான சுற்றுக்கு ஒரு புள்ளி உண்டு, ஆனால் முதல் பத்துக்குள் முடித்தால்தான். அவர் முடித்தது 18-ஆவது, அவருக்கு அந்தப் புள்ளி கிடையாது, நாரிஸுக்கும் போச்சு. எங்களில் மூன்று பேர் நாரிஸ் என்று எழுதியிருந்தார்கள். ஃபார்முலா 1-உம் 2025-இலிருந்து அந்தப் புள்ளியை எடுத்துவிட்டது.

முதலில் வெளியேறுபவர் யார் என்ற கேள்வி எனக்குப் பிடிப்பதில்லை. ஒருவர் மோத வேண்டும் என்று மற்றவர்கள் உட்கார்ந்து வேண்டிக்கொள்வது பார்க்க நன்றாக இல்லை. அதற்குப் பதிலாக எத்தனை கார் முடிக்கும் என்று ஓர் எண் கேட்கிறோம், வாரச் சமநிலையைப் பிரிக்க மட்டும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: 90 சதவீதத் தூரம் ஓடியிருந்தால் நின்றுபோன காரும் முடித்ததாகத்தான் கணக்கு. 2024 ஆஸ்திரேலியாவில் ரஸ்ஸல் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி நின்றார், முடிவில் பார்த்தால் 17-ஆவது என்று இருந்தது. அதனால் கண்ணால் எண்ணாதீர்கள், முடிவுத் தாளை எண்ணுங்கள். 1996 மொனாக்கோவில் கொடி விழும்போது ஓடிக்கொண்டிருந்தவை மூன்றே கார்கள், 14-ஆவதாகத் தொடங்கிய பானிஸ் ஜெயித்தார். அன்றைக்கு இந்த ஆட்டம் இருந்திருந்தால் ஷீட்டைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

"நடக்கவே நடக்காது" கணிப்பு என்றால் எந்த அளவுக்கு?

மற்றவர்களில் பாதிப் பேராவது சிரிக்க வேண்டும். அதுதான் அளவுகோல். "மெக்லாரன் போடியத்தில் இருக்கும்" என்றால் செல்லாது. பின்வரிசை அணி ஒன்று முதல் ஐந்தில், சாம்பியன் தகுதிச்சுற்றின் முதல் கட்டத்திலேயே வெளியே, இந்த மாதிரி.

எங்கள் தோழி ஒருத்தி ஒவ்வொரு பந்தயத்துக்கும் "ஹுல்கென்பெர்க் போடியம்" என்றே எழுதுவாள். பல வருடமாக ஓட்டியும் ஒருமுறைகூடப் போடியம் ஏறாதவர், பாவம் என்று எழுத ஆரம்பித்து அதுவே பழக்கமாகிவிட்டது. 2025-இல் பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் பந்தயத்துக்கு மட்டும், போதும் இந்த விளையாட்டு என்று வேறு எதையோ எழுதினாள். அவர் 19-ஆவதாகத் தொடங்கி, மழையில் எல்லோரும் வழுக்கிக்கொண்டிருக்க, மூன்றாவது வந்தார். அது அவருடைய 239-ஆவது பந்தயம். அன்று முழுவதும் அவள் யாருக்கும் பதில் அனுப்பவில்லை.

ஒருவர் எட்டாத தூரம் போய்விட்டால் மற்றவர்கள் ஏன் தொடர்ந்து ஆட வேண்டும்?

எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். முதலிடத்தில் இருப்பவரைப் பற்றிக் கவலையே வேண்டாம், அவர் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிடுவார். ஆகஸ்டில் ஏழாவது, எட்டாவது இடத்தில் இருப்பவர்தான் மறக்க ஆரம்பிப்பார். அவர் மறந்தால் அடுத்தவரும் மறப்பார், அக்டோபரில் மூன்று பேர் ஆடிக்கொண்டிருப்பீர்கள்.

உடனே எல்லோருக்கும் தோன்றுவது, கடைசிப் பந்தயத்துக்கு இரட்டைப் புள்ளி. வேண்டாம். ஃபார்முலா 1-ஏ 2014-இல் அபுதாபியில் அதைச் செய்து பார்த்துத் திட்டு வாங்கி ஒரே வருடத்தில் கைவிட்டது. ஒன்பது மாத உழைப்பை ஒரு மாலையில் புரட்டிப் போடுவது போராட்டம் மாதிரி தெரியாது, ஏமாற்று மாதிரிதான் தெரியும்.

நாங்கள் செய்வது இரண்டு. சீசனை ஆகஸ்ட் இடைவேளையில் வெட்டி, இரண்டாம் பாதிக்குத் தனியாக ஒரு வெற்றியாளர். மொத்தக் கணக்கு ஒருபக்கம் ஓடும், ஆனால் கடைசி இடத்தில் இருப்பவருக்கும் பூஜ்யத்திலிருந்து ஒரு புதுப் போட்டி கிடைக்கிறது. இரண்டாவது, 24 பந்தயத்தில் ஒவ்வொருவருடைய மோசமான மூன்றைக் கழித்துவிடுவோம். ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஒரு பிரேசில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பதிலும் வம்பு உண்டு, சொல்லிவிடுகிறேன். 1988-இல் 16 பந்தயத்தில் சிறந்த 11 மட்டும்தான் கணக்கு. புரோஸ்ட் மொத்தம் எடுத்தது 105, சென்னா 94. கழித்த பிறகு புரோஸ்டுக்கு 87, சென்னாவுக்கு 90, பட்டம் சென்னாவுக்கு. மொத்தம் அதிகம் எடுத்தவர் தோற்பது எங்கள் ஷீட்டிலும் நடக்கலாம். முதல் பந்தயத்துக்கு முன்பே எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தால் யாரும் வாய் திறக்க முடியாது.

ஒருவர் பட்டியலை இன்னொருவர் பார்த்து எழுதாமல் எப்படித் தடுப்பது?

வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது, எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும், கெடு முடிந்ததும் மொத்தமாக வெளியிடுவேன். முன்பு குரூப்பிலேயே போட்டபோது முதலிடத்தில் இருந்தவன் கடைசி நிமிடம் வரை காத்திருந்து, இரண்டாவது ஆள் எழுதியதை அப்படியே எழுதினான். இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி வந்தால் இடைவெளி குறையாது அல்லவா. பந்தயத்தில் முன்னால் போகும் அணி, பின்னால் வருபவர் டயர் மாற்றப் பிட்டுக்குள் போனால் தானும் போகிற அதே தந்திரம். புத்திசாலித்தனம்தான், ஆனால் ஐந்து வாரம் பார்த்தால் எரிச்சல் வரும்.

நானும் ஆடுகிறேனே, மற்றவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு நான் எழுதினால்? அதனால் என்னுடையது வியாழக்கிழமையே வேறொருவருக்குப் போய்விடும். இதனால் எனக்குத்தான் நஷ்டம், வெள்ளிக்கிழமைப் பயிற்சியைப் பார்க்காமல் எழுதுகிறேன். என் இடத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இதைத்தான் காரணமாகச் சொல்வது.

நன்றாகக் கணிக்க ஏதாவது வழி உண்டா?

உண்டு, கொஞ்சம். முதலில் எங்கள் புள்ளிமுறையையே பாருங்கள். முதலிடத்தில் ஒருவரைப் போட்டால் அவர் ஒன்று முதல் மூன்றுக்குள் வந்தால்தான் ஏதாவது கிடைக்கும். மூன்றாவது இடத்தில் போட்டால் ஒன்று முதல் ஐந்து வரை எங்கே வந்தாலும் புள்ளி. அதனால் ஜெயிக்கவும் செய்வார், சொதப்பவும் செய்வார் என்று தோன்றுகிறவரை மூன்றில் போடுங்கள். ஒன்றாவது இடம் உறுதியாகத் தெரிந்தவருக்கு மட்டும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு சீசன் ஆனது.

வெள்ளிக்கிழமைப் பயிற்சி நேரங்களை அப்படியே நம்ப வேண்டாம். எத்தனை எரிபொருளோடு ஓடினார்கள், எஞ்சினை எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்று வெளியே தெரியாது. ஒரே ஒரு வேகமான சுற்றைவிட, ஒரே டயரில் பத்துப் பன்னிரண்டு சுற்று தொடர்ந்து ஓடும்போது வேகம் எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை அதுதான் நடக்கப் போகிறது. எஞ்சின் பாகங்களை அளவுக்கு மேல் மாற்றியதற்காக யாராவது பின்னால் போகிறார்களா என்ற செய்தியையும் பார்த்துவிடுங்கள், எளிதாகக் கிடைக்கிற தகவல், ஆனாலும் பாதிப் பேர் பார்ப்பதில்லை.

பாதையும் முக்கியம். சிங்கப்பூரில் 2008-இல் தொடங்கி 2023 வரை நடந்த எல்லாப் பந்தயத்திலும் சேஃப்டி கார் வந்தது, 2024-இல்தான் முதல்முறையாக வரவில்லை. அந்த மாதிரி இடத்தில் நான்கு, ஐந்தாம் இடங்களை ரொம்ப யோசித்து எழுதுவது வீண். பெல்ஜியத்தின் ஸ்பா பாதை ஏழு கிலோமீட்டர் நீளம், ஒரு முனையில் மழை பெய்யும், இன்னொரு முனை காய்ந்து கிடக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி, பிடித்த அணி. ஃபெராரி ரசிகர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை, நானும் அதில் ஒருவன். கடைசியாக டிரைவர் பட்டம் 2007, அணிப் பட்டம் 2008, ஆனாலும் மார்ச் மாதம் வந்தால் கை தானாக லெக்லேரை முதலில் எழுதுகிறது.

சீசன் தொடங்கும் முன்னால் சாம்பியனைக் கணிப்பது உண்டா?

உண்டு, சாம்பியனுக்கு 15, அணிகளின் வரிசையில் சரியான ஒவ்வொரு இடத்துக்கும் 3. முதல் பந்தயத்தின் தகுதிச்சுற்றுக்கு முன் கெடு, அப்புறம் தொடக் கூடாது. 2025 ஆகஸ்டில் பியாஸ்ட்ரி முன்னிலையில் இருந்தபோது அவரை எழுதியவன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே. கடைசியில் நாரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. 15 புள்ளி யாருக்கு என்பது இரண்டே புள்ளி வித்தியாசத்தில் முடிவானது. 2009 மாதிரி வருடம் வந்தால் யாருக்கும் எதுவும் கிடைக்காது: ஹோண்டா விலகி, ராஸ் பிரான் ஒரு பவுண்டுக்கு அணியை வாங்கி, மார்ச்சில்தான் கார் சோதனைக்கே வந்தது, இரண்டு பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனது.

ஃபார்முலா 1 பார்க்காதவர் சேரலாமா?

தாராளமாக. எங்கள் கூட்டத்தில் ஒருவர் பாசமே இல்லாமல், போன மூன்று பந்தயத்தின் முடிவைப் பார்த்துச் சராசரி எடுத்து எழுதுவார். போன வருடம் மூன்றாவது வந்தார். பந்தயம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. வரலாறு பேசும் நாங்கள் அவருக்குக் கீழே.

கடைசியில் இருவரும் சமமாக வந்தால்?

சரியான இடம் யாருக்கு அதிக முறை விழுந்ததோ அவர். ஃபார்முலா 1-இல் அதிக வெற்றி யாருக்கு என்று பார்ப்பது போலத்தான். அதுவும் சமம் என்றால் பட்டத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள், பெனால்டி ஷூட்அவுட் எல்லாம் வேண்டாம்.

பணம் வைத்து ஆடுகிறீர்களா?

இல்லை. பணம் வந்தால் திங்கள் இரவு விதி, அரைப் புள்ளி விதி எல்லாம் சண்டையிலிருந்து பகையாகிவிடும். சூதாட்டச் சட்டங்கள் இடத்துக்கு இடம் வேறு, அந்தத் தலைவலி தனி. ஜெயித்தவர் அடுத்த சீசனின் ஒரு புது விதியை முடிவு செய்யலாம், மற்றவர்கள் ஐந்து பேர் எதிர்த்தால் மட்டும் ரத்து.

மோட்டோஜிபி (பைக் பந்தயம்), லெ மான்ஸ் (நீண்ட நேரக் கார் பந்தயம்) இதற்கெல்லாம் இதே விதி ஓடுமா?

மோட்டோஜிபிக்கு ஓடும், ஆனால் 2023 முதல் ஒவ்வொரு வாரமும் ஸ்பிரின்ட் உண்டு, விழுவதும் அதிகம், அதனால் இரண்டு இடம் தள்ளினால் 1 என்பதை மூன்று இடம் வரை நீட்டினால் நல்லது. லெ மான்ஸ் 24 மணி நேரத்தை ஒரு தனி ஆட்டமாக வையுங்கள், டிரைவருக்குப் பதிலாகக் கார் எண்ணை, பிரிவு வாரியாக எழுத வேண்டும்.

சீசன் பாதி போய்விட்டது. இப்போது தொடங்கலாமா, அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டுமா?

இப்போதே தொடங்குங்கள், ஆகஸ்ட் இடைவேளைக்குப் பிறகு என்றால் இன்னும் நல்லது. 2024, 2025 இரண்டிலும் அதற்குப் பின் பத்து பந்தயம் மிச்சம் இருந்தது, விதியில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க அது போதும். நடுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தால், அந்த நேரத்தில் கடைசியில் இருப்பவரின் புள்ளியை அவருக்குக் கொடுத்துத் தொடங்கச் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டு பேர் சரியான எண்ணிக்கை. ஷீட்டில் டிரைவர் பெயரை ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள், டிவியில் வரும் மூன்றெழுத்துச் சுருக்கத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், நான் ஒரு முழு ஞாயிறு எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறேன். அப்புறம், மறந்தவரின் பழைய பட்டியல் தொடருமா தொடராதா, அதை முதல் வாரமே எழுதி வைத்துவிடுங்கள்.